சாவி யார்ட்டலே இருக்கு?

ஏலே பேராண்டி, வாத்தியார் வேலை கெடச்சும் மூஞ்சியில ஒரு சிரிப்பக் காணோமே? பள்ளிக்கூடத் தகவல் ஏத்துற அந்த எமிஸ் ஆப்பு ஏற மாட்டேங்குதா? சர்வர் சுத்திக்கிட்டே கெடக்கா? அதுக்கு ஏம்லே போனைத் தூக்கிக்கிட்டு வேப்பமரத்தடியில டவர் தேடிக்கிட்டு நிக்கே? உள்ள ஆறாப்பும் ஏழாப்பும் கட்டிப் பொரளுது.

தரவு துல்லியமா இருக்கணும்னு பயிற்சியில சொன்னாகளாக்கும். நம்ம ஊரு துல்லியத்த நான் சொல்லுதேன், கேளு.

எங்க காலத்துல புள்ளையச் சேக்கப் போனா, பெரிய வாத்தியாரு சோத்துக்கையத் தலைக்கு மேல வளைச்சு மறுபக்கக் காதத் தொடச் சொல்லுவாரு. எட்டிருச்சா, அஞ்சு வயசு. பொறந்த தேதி? ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கையில வயசு நெறஞ்சிருக்கணும்லா, மே மாசத்துல ஏதோ ஒண்ணப் போட்டு விட்டுருவாரு. ஊருல பாதிப்பேரு அப்படிப் பொறந்தவுகதான். ஆடி மாசம் புதுப்பொண்ணத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்கிற ஊருல, சித்திரை வைகாசியில இத்தன புள்ள எப்படிலே பொறந்துச்சு? ஒரு அதிகாரியும் கேக்கலியே! உங்க பெரியப்பன் அந்தத் தேதிய வச்சே வேலைக்குச் சேந்து, அந்தத் தேதிய வச்சே ரிட்டயரும் ஆயிட்டான்.

இப்ப நடக்குறது வேற கூத்து. பள்ளிக்கூடத்துக்கு யுடைஸ் நம்பரு, 11 இலக்கம். புள்ளைக்கு ஆதார், 12. அது பத்தாதுன்னு அபார்னு இன்னொரு 12. நம்பருக்குக் கொறச்சலே இல்ல. பேருதான் பொருந்த மாட்டேங்குது. ஒண்ணுல இனிஷியல் முன்னால நிக்கும், ஒண்ணுல பின்னால நிக்கும். முத்துலட்சுமிக்கு ஒருத்தன் இங்கிலீஷ்ல ஒரு எச் கூட்டுவான், இன்னொருத்தன் கொறைப்பான். அதத் திருத்த அவ அம்மா தீப்பெட்டி ஆபீசு கூலிய விட்டுட்டு ஆதார் மையத்துல வரிசையில நிக்கா. தட்டுனவன் சம்பளத்துல புடிச்சாகளா? அது மட்டும் நடக்காது.

உன் வருகைப்பதிவு எப்படி? அத்தனை பேரும் வந்துட்டான்னு காலையிலயே பச்சையா காட்டுதோ? மத்தியானம் அடுப்படிப் பக்கம் போயிப் பாத்தியா? எட்டயபுரத்துல காமராசர் 1956-ல ஆரம்பிச்சு வச்ச மத்தியானச் சோறுலே இது, அங்கன போறதுக்கு என்ன வெக்கம்? முட்டை வேண்டாங்குறவன் யாரு, வாழப்பழம் கேக்குறவன் யாருன்னு சத்துணவு ஆயாவுக்கு மனப்பாடம். செல்வி ஏன் வரலன்னு கேளு. தம்பிக்கு அம்மை போட்டிருக்கு, அவதான் பாத்துக்கிடுதான்னு சொல்லும். அதுக்கு உன் ஆப்புல கட்டம் இருக்கா?

அப்புறம் அந்த ஹைடெக் லேப்பு. வரிசையா கம்ப்யூட்டரு, மேல துணி, வெளியில திண்டுக்கல் பூட்டு. புள்ளைக தொட்டா கெட்டுப் போயிருமாம். எலி வயரக் கடிச்சா கெடாதோ? 2011-ல லேப்டாப்பு குடுக்க ஆரம்பிச்சாகளே, உங்க அத்தை மவனும் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். சினிமாதான் பாத்தான், மறைக்கல. ஆனா படம் பாத்த அதே பெட்டியிலதாம்லே டைப்படிக்கவும் பழகுனான். இன்னைக்கு ஊருக்கே மனு அடிச்சுக் குடுக்கான்.

அது கெடக்கட்டும். மாணவர்கள் கணினி பயன்படுத்துறாங்களான்னு ஒரு கேள்வி வந்துருக்குமே, என்ன போட்ட? "ஆம்"னா?

சாவி யார்ட்டலே இருக்கு?