முட்டுக்கட்டை முதல் முட்டுக்கட்டை வரை

விமானக் கால அட்டவணை போடும் பெரியவர் அவர்களுக்கு,

தங்கள் பெயர் தெரியாது. நிறுவனத்தின் பெயர் தெரியும், எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மட்டும் குறித்த நேரத்துக்கு வந்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை தங்கள் விமானத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்தேன். டிக்கெட்டில் புறப்பாடு 10.20, வருகை 11.55. கதவைச் சாத்திய பிறகும் வண்டி அசையவில்லை. பக்கத்து இருக்கைத் தாத்தா கைக்கடிகாரத்தைக் கழற்றி, சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டு மறுபடி கட்டிக்கொண்டார். 10.40-க்குத்தான் நகர்ந்தோம். மதுரையில் நின்றபோது மணி 11.50. உடனே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம் என்று பூரித்தது. பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பி ஐந்து நிமிடம் முன்னதாக வருவது எப்படி? காற்று தள்ளிவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். விசாரித்ததில் தள்ளியது காற்றல்ல, தங்கள் பேனா. சென்னைக்கும் மதுரைக்கும் ஆகாய வழி சுமார் 420 கிலோமீட்டர். விசிறி வைத்த ஏடிஆர் விமானம்கூட மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். ஏறி இறங்க, ஓடுபாதைக்கு ஊர்ந்து போக எல்லாம் சேர்த்தும் நமக்கு 70 நிமிடம்தான் ஆனது. தாங்கள் எழுதியது 95. அதற்கும் மேல் 15 நிமிடத்துக்குள் வந்தால் ‘சரியான நேரம்’ என்றே கணக்காம். மாதாமாதம் வரும் நேரந்தவறாமைப் பட்டியலில் முதல் பெஞ்சில் உட்கார நல்ல உபாயம்!

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சக்கரத்திலிருந்து முட்டுக்கட்டையை எடுப்பது முதல், போன ஊரில் முட்டுக்கட்டை வைப்பது வரைதான் தங்களுக்குப் பயணம். எனக்கு அது பெரம்பூர் வீட்டைப் பூட்டியதில் ஆரம்பம். இரண்டு மணி நேரம் முன்னால் வரச் சொன்னதால் காலை ஏழுக்கே கிளம்பினேன். பெல்ட்டை அவிழ்த்தேன், லேப்டாப்பை எடுத்துக் காட்டினேன், பாட்டில் தண்ணீரை நின்ற இடத்திலேயே குடித்துத் தீர்த்தேன். மதுரையில் பெட்டிக்குக் காத்திருந்து, ஆட்டோவில் பேரம் பேசி, செல்லூரில் அக்கா வீட்டுப் படியேறும்போது மணி ஒன்று.

“ஏன்டா, பிளேன்லதான வந்த?” என்றாள் அக்கா. காலை இட்லி ஹாட்பாக்ஸிலேயே வேர்த்துப் போயிருந்தது.

ஆறு மணி நேரம், ஐயா. 1977-இல் மீட்டர் கேஜ் பாதையில் விட்ட வைகை எக்ஸ்பிரஸே ஏழு மணி நேரச் சொச்சத்தில் ஓடியது. இப்போது நாகர்கோவில் போகும் வந்தே பாரத், எழும்பூரிலிருந்து ஏறக்குறைய ஐந்தே முக்கால் மணி நேரத்தில் மதுரையைத் தொடுகிறது. அதிலும் முன்னதாகப் போய் உட்காரலாம்தான். யாரும் பெல்ட்டை அவிழ்க்கச் சொல்வதில்லை.

இருந்தாலும் தங்கள் முறை எனக்குப் பிடித்துவிட்டது. இந்தக் கடிதத்தை எழுத ஒரு மணி நேரம் போதும் என்று தெரிந்தும், பத்திரிகை ஆசிரியரிடம் பத்து நாள் கேட்டேன். எட்டாம் நாளே கொடுக்கிறேன். அந்தப் பெண் குரலிடம் சொல்லி ஒரு அறிவிப்பு செய்யச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஜன்னலோர இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டி, இறக்கையை மட்டும் பார்த்து வந்த பயணி