கரிசல் கோடையில் பிராசசர் சூடு

பிராசசரின் வெப்பநிலை 71 டிகிரி என்று ஒரு லேப்டாப்பின் கீழ்ப்பட்டை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதே எண்ணை ஊட்டியில் ஒருவர் பார்க்கிறார், மல்லாங்கிணற்றில் ஒருவர் பார்க்கிறார். ஊட்டியில் அறை 18 டிகிரியில் இருந்தால், அந்த பிராசசர் தன்னைச் சூழ்ந்த காற்றைவிட 53 டிகிரி ஏறி நிற்கிறது. மல்லாங்கிணற்றில் சித்திரைப் பிற்பகலில் அறை 39 டிகிரியில் இருந்தால், ஏற்றம் 32தான். இரண்டும் ஒரே ரக லேப்டாப், ஒரே வேலையைச் செய்கின்றன என்றால், ஊட்டி லேப்டாப்பைத் திறந்து பார்க்க வேண்டும். மல்லாங்கிணற்று லேப்டாப் நன்றாக இருக்கிறது.

மானாவாரிச் சீமையில் பிராசசரின் சூட்டை அளக்கிறவர் அறையின் சூட்டையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பல, 20 அல்லது 22 டிகிரி அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சும்மா இருக்கும் பிராசசர் 40ஐத் தாண்டக் கூடாது என்று அவை சொல்லும். அறையே 39 ஆகிவிடுகிற ஊரில் அந்த விதியைப் பிடித்துக்கொண்டால், நல்ல லேப்டாப்பைக் கெட்டுப்போனதாக எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக நேரும்.

மல்லாங்கிணறு, விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தில் உள்ள பேரூராட்சி. அருப்புக்கோட்டைப் பக்கம் போனாலும் திருச்சுழிப் பக்கம் போனாலும் கரிசலும் செவலும் மாறி மாறி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கிடக்கும் கண்மாய்கள் வரும். தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்வதால் ஆனி, ஆடியிலும் இங்கே வெயில் இறங்காது. காற்று மட்டும் புழுதியோடு வரும். எனவே இங்கே கோடை என்பது சித்திரை, வைகாசியோடு முடிகிற கணக்கில்லை. ஆண்டில் பாதி நாள் லேப்டாப்புக்குக் கோடைதான்.

லேப்டாப் இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பரவலாக வந்து சேர்ந்த வழி எல்லோரும் அறிந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்தார்கள். அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது டெபியன் லினக்ஸை அடியாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம். முதல் பதிப்பு 2007இல் வந்தது. பிள்ளைகள் பெரும்பாலும் விண்டோஸ் பக்கமே போனார்கள். 2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. பத்து வருடம் கடந்த லேப்டாப்பில் புதிய விண்டோஸ் மூச்சுத் திணறும். அதில் டெபியனைப் போட்டு, எல்எக்ஸ்டிஇ போன்ற இலகுவான மேசைத்தளம் ஒன்றை வைத்தால் எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் அது இன்னும் போதும். எல்எக்ஸ்டிஇயை 2006இல் தொடங்கியவர் தைவான் நாட்டு நிரலாளர் ஹோங் ஜென் யீ. பழைய கணினியிலும் வேலை நடக்க வேண்டும் என்ற அக்கறையோடு கட்டப்பட்ட மேசைத்தளம் அது. இந்தச் சீமைக்கு இதைவிடப் பொருத்தமான மென்பொருள் எனக்குத் தெரிந்து குறைவு.

எல்எக்ஸ்டிஇயின் கீழ்ப்பட்டையில் வெப்பநிலை காட்டும் சிறு செருகுநிரல் ஒன்று உண்டு. பட்டையில் வலது சொடுக்கு செய்து சேர்த்தால் ஓர் எண் வந்து உட்காரும். சாதாரண நிலைக்கு ஒரு நிறம், முதல் எச்சரிக்கைக்கு ஒரு நிறம், இரண்டாம் எச்சரிக்கைக்கு ஒரு நிறம் என்று மூன்று வைக்கலாம்; எல்லைகளை நாமே குறிக்கலாம். எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தில் இதே வேலைக்கு சென்சார் செருகுநிரல் இருக்கிறது. டெர்மினலில் பார்க்க விரும்புகிறவர் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ கட்டளையை ஒருமுறை ஓட்டிவிட்டு, பிறகு ‘சென்சார்ஸ்’ என்று தட்டினால் போதும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதை நம்பக் கூடாது. இந்த விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இன்டெல் பிராசசரின் ஒவ்வொரு கோருக்குள்ளும் வெப்ப உணரி பதிக்கப்பட்டிருக்கிறது. அது வெப்பநிலையை நேராகச் சொல்வதில்லை. தான் தாங்கக்கூடிய உச்சத்துக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கிறது. கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று துவளத்திலிருந்து கயிறு விட்டுப் பார்ப்பது போல. லினக்ஸ் கெர்னலில் உள்ள ‘கோர்டெம்ப்’ என்ற டிரைவர் அந்தப் பாக்கியை உச்சத்திலிருந்து கழித்து நமக்கு வெப்பநிலையாகத் தருகிறது. உச்சம் ரகத்துக்கு ரகம் மாறும்: 90, 100, 105 என்று. சில பழைய ரகங்களில் உச்சம் எவ்வளவு என்பதை பிராசசரிடம் கேட்டு அறிய வழியில்லை. கெர்னல் ஒரு மதிப்பை ஊகித்துக்கொள்ளும். ஊகம் ஐந்து டிகிரி தவறினால் காட்டும் எண்ணும் ஐந்து டிகிரி தவறும். மேலும், இந்த உணரிகள் உச்சத்தை நெருங்கும்போது துல்லியமாக இருக்குமாறு செய்யப்பட்டவை. உச்சத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கும்போது துல்லியம் குறையும். ஆகவே ஓய்வில் இருக்கும் பிராசசரின் ஓரிரு டிகிரி வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது வீண்.

ஏஎம்டி பிராசசருக்கு ‘கே10டெம்ப்’ என்ற டிரைவர். அது காட்டும் ‘டிசிடிஎல்’ என்ற எண், ஃபேனைக் கட்டுப்படுத்துவதற்காக உண்டாக்கப்பட்ட அளவு. சில்லுக்குள் இருக்கும் உண்மையான வெப்பநிலை என்று அதைக் கொள்ளக் கூடாது எனக் கெர்னல் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. முதல் தலைமுறை ரைசன் 1800எக்ஸில் அந்த எண் உண்மையைவிட 20 டிகிரி கூட்டியே வைக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது ஓர் எண் உண்டு. அதன் பெயர் ‘ஏசிபிஐடிஇசட்’. தாய்ப்பலகையின் ஃபர்ம்வேர் எழுதியவர்கள் கொடுப்பது. சில பலகைகளில் இது உண்மையான உணரியோடு இணைக்கப்படாமலே, 27.8 அல்லது 29.8 என்று எழுதிவைத்த மாறா எண்ணாக இருக்கும். குளிர்ந்த ஊரில் இதைக் கண்டுபிடிக்க நாளாகும், 27.8 என்பது அங்கே நம்பத்தகுந்த எண். மல்லாங்கிணற்றில் ஒரு பிற்பகல் போதும். ஃபேனும் உலோகத் தகடும் மட்டுமே உள்ள லேப்டாப் தன் பிராசசரை அறைக் காற்றைவிடக் குளிரவைக்க முடியாது. சூடு தானாகப் பாய்வது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான். அறை 39இல் இருக்கும்போது பிராசசர் 27.8 என்று காட்டினால், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியே அந்த எண்ணைத் தள்ளுபடி செய்துவிடும். உணரியைச் சோதிக்க இவ்வளவு நல்ல ஊர் வேறில்லை. பட்டையில் உள்ள செருகுநிரலின் அமைப்பைத் திறந்து, அது எந்த உணரியைப் படிக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

இனி அறைச் சூடு. வானிலை ஆய்வு மையம் அறிவிக்கிற வெப்பநிலை, ஸ்டீவன்சன் பெட்டி எனப்படும் வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில், நிழலில் அளந்தது. வெயில் உள்ளே விழாமல் காற்று மட்டும் புகுந்து வரும்படி பலகைகள் சரிவாக அடிக்கப்பட்ட பெட்டி அது. கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் அதை வடிவமைத்தார்; ‘டிரெஷர் ஐலண்ட்’ எழுதிய ஆர்.எல். ஸ்டீவன்சனின் தகப்பனார். காற்றின் சூட்டை ஒழுங்காக அளக்க ஒரு பெட்டியே வேண்டியிருந்தது என்பதை நாம் மதிக்க வேண்டும். அந்த எண்ணை அப்படியே எடுத்து நம் அறைக்குப் போட முடியாது. தகரக் கூரைக்குக் கீழே பகலில் அறை வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கிவைத்து இரவில் உள்ளே இறக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் அறை குளிராது. கைபேசியில் வரும் வானிலை எண் வெளிக்காற்றைப் பற்றிய கணிப்பு. சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி, லேப்டாப் இருக்கும் உயரத்தில், அதன் சூடான காற்று படாத தூரத்தில் வைப்பதே வழி.

இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஏற்றம். பிராசசர் எடுக்கும் மின்திறனும், சூடு வெளியேறும் பாதையில் உள்ள தடையும் சேர்ந்து ஏற்றத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே வேலை, அதே ஃபேன், அதே சுத்தம் என்றால், மார்கழியிலும் சித்திரையிலும் ஏற்றம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். முழுக்க ஒன்றாக இராது: சூடான சில்லில் மின்கசிவு கொஞ்சம் கூடும், ஃபேனும் வேகமெடுக்கும். இவை சிறிய திருத்தங்கள். மார்கழியில் 25ஆக இருந்த ஏற்றம் சித்திரையில் 40 ஆனால் அதற்கு வெயில் காரணமில்லை. உள்ளே அடைப்பு இருக்கிறது.

அடைப்புக்கு இந்தப் பக்கத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. ஆடிக்காற்றில் வரும் புழுதி ஒன்று. அருப்புக்கோட்டை நெசவு ஊர். தறி ஓடும் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் பறக்கும் பஞ்சுத்தூள் இன்னொன்று. புழுதியைவிடப் பஞ்சு கெடுதல். நூல் நூலாக வந்து, ஃபேனுக்கும் தகட்டு இடுக்குகளுக்கும் நடுவே கம்பளம் மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேதான் போகும்; அடிமூடியைக் கழற்றி, ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, தூரிகையால் எடுக்க வேண்டும். அதன் பிறகும் ஏற்றம் இறங்காவிட்டால் பிராசசருக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள பேஸ்ட் காய்ந்திருக்கும். லேப்டாப்பைப் பாயிலோ மெத்தையிலோ வைக்கும் பழக்கத்தை அதற்கும் முன்னால் விட வேண்டும். காற்று இழுக்கும் துளைகள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கின்றன. இரண்டு மரச்சட்டங்களை அடியில் கொடுத்தால் வித்தியாசத்தைப் பட்டையிலேயே பார்க்கலாம்.

சீலிங் ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையை ஆற்றுகிறது, அதனால் நமக்குக் குளிர்கிறது. லேப்டாப்புக்கு வியர்க்காது. நமக்கு இதமாக இருப்பதை வைத்து அதற்கும் இதம் என்று எண்ண முடியாது. ஏர்கூலர் அப்படியல்ல. இந்த வறண்ட காற்றில் அது அறைக் காற்றையே சில டிகிரி இறக்கும், பிராசசரும் அத்தனை டிகிரி இறங்கும்.

கண்காணிக்கிற மென்பொருளும் பிராசசரில்தான் ஓடுகிறது என்பதை இலகு மேசைத்தளக்காரர் மறக்கக் கூடாது. எண்ணைப் படிப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கெர்னல் அதை ஒரு கோப்பில் ஆயிரத்தால் பெருக்கி வைத்திருக்கிறது, 45 டிகிரி என்றால் 45000 என்று. படம் வரைவதுதான் செலவு. திரை முழுக்க வளைகோடுகளும் வளையங்களும் போட்டு அரை நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் காங்கி என்ற கண்காணிப்பு மென்பொருள், பழைய இரட்டைக் கோர் பிராசசரை ஓய்வெடுக்கவே விடாது. ஐந்து நொடிக்கு ஒருமுறை மாறும் வெறும் எண் போதும். உண்மையில் இந்த லேப்டாப்புகளைச் சுடவைப்பது வீடியோ. இப்போது பரவலாக இருக்கும் விபி9, ஏவி1 குறிமுறைகளைப் பிரிக்கும் வன்பொருள் பழைய சில்லுகளில் இல்லை. பிராசசரே எல்லாவற்றையும் செய்கிறது. எச்.264இல் பார்ப்பது, தெளிவை 480க்கு இறக்குவது என்ற இரண்டும் புது பேஸ்டைவிட அதிகப் பலன் தரும்.

பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தது. உச்சத்தைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எத்தனை முறை குறைத்தது என்று இன்டெல் சில்லுகளில் கெர்னல் கணக்கு வைத்திருக்கிறது, ‘கோர் திராட்டில் கவுண்ட்’ என்ற கோப்பில். அதற்கும் மேலே போனால் கணினி அணைந்துவிடும். உச்சம் 100 என்றால் 39 டிகிரி அறையில் 61 டிகிரி இடம் இருக்கிறது. அதே கழித்தலை மற்ற உறுப்புகளுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்குக்குப் பொதுவாக 60 டிகிரி எல்லை, மிச்சம் 21. அதைக் கண்காணிக்க 2020இல் வந்த 5.6 கெர்னலிலிருந்து ‘டிரைவ்டெம்ப்’ என்ற டிரைவர் இருக்கிறது. டெபியனில் ‘மாட்யூல்ஸ்’ கோப்பில் அந்தப் பெயரை ஒரு வரியாக எழுதிவிட்டால் ‘சென்சார்ஸ்’ கட்டளை டிஸ்க்கின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். எஸ்எஸ்டி மாற்றினால் எல்லை பொதுவாக 70க்குப் போகும்.

பேட்டரி இவை எல்லாவற்றையும்விட இக்கட்டில் இருக்கிறது. லித்தியம் அயன் பேட்டரியைச் சார்ஜ் செய்ய வழக்கமான மேல் எல்லை 45 டிகிரி. மல்லாங்கிணற்றுப் பிற்பகலில் மிச்சம் ஆறே டிகிரி. பெரும்பாலான லேப்டாப்புகளில் பேட்டரியின் சூட்டை லினக்ஸ் காட்டுவதில்லை, பட்டையில் அதற்கு எண் கிடைக்காது. சுவர் வெப்பமானியை மட்டும் பார்த்து, அறை ஆகக் குறைவாக இருக்கும் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குச் சார்ஜ் போட்டு, வெயில் ஏறுமுன் பிடுங்கிவிட வேண்டும்.