தனிமைக்கு எத்தனை பேர் வேண்டும்?

கல்யாணமான புதிதில் இருவருக்கும் ஒரே ஆசைதான்: நாலு நாள் வேறு யார் முகத்திலும் விழிக்காமல் இருக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் அந்த நாலு நாளுக்கு மாலத்தீவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விளம்பரப் படத்தைப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. நீலக் கடல், கடலுக்குள் காலூன்றி நிற்கும் ஒரு குடில், குடில் வாசலில் நீட்டிய நாலு பாதங்கள். மாமியார் இல்லை, மச்சான் இல்லை, குக்கர் விசில் இல்லை, மாடிவீட்டுப் பையனின் கீபோர்டு வகுப்பு இல்லை. கடலும் மணலும் வேண்டுமென்றால் ராமேசுவரத்திலேயே இருக்கின்றன, பஸ் கட்டணத்தில் பார்த்துவிட்டு வரலாம். லட்சக்கணக்கில் எண்ணிவைத்து மாலத்தீவில் வாங்குவது தனிமையை. அந்தத் தனிமை இருக்கிறதே, அதுதான் உலகத்திலேயே அதிகம் பேர் கூடித் தயாரிக்க வேண்டியிருக்கிற சரக்கு என்பது என் கட்சி. இதை ஒப்புக்கொண்டு திட்டமிட்டால் பயணம் இனிக்கும். ஒப்புக்கொள்ளாதவர்கள் போன இடத்தில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மாலத்தீவில் தீவுகள் ஏறத்தாழ 1,190. மக்கள் குடியிருப்பது அவற்றில் சுமார் 200. கடலின் நடுவே பன்னிரண்டாயிரம் பழந்தீவுகளை வென்றதாக ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி சொல்வது இவற்றைத்தான் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அப்படியானால் பத்து மடங்கு கூட்டிச் சொல்லும் சுற்றுலா விளம்பர நடையைத் தொடங்கிவைத்த பெருமையும் சோழர்களுக்கே. 1960-களில் வந்து பார்த்த ஐ.நா. குழுவோ இந்த இடம் சுற்றுலாவுக்குத் தோதுப்படாது என்ற முடிவுக்கு வந்தது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 1972-ல் முதல் விடுதியைத் திறந்தார்கள். பெயர் குரும்பா. அவர்களுடைய திவேஹி மொழியில் இளநீர்க் காய். நம்முடைய குரும்பையின் ஒன்றுவிட்ட தங்கை என்று காதுக்கே தெரியும். ஒரு தீவுக்கு ஒரே விடுதி என்ற ஏற்பாட்டில் இன்று 170 விடுதிகளுக்கு மேல் ஆகிவிட்டன. நாட்டின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைச் சற்றுத் தாண்டும். 2024-ல் வந்த பயணிகள் 20 லட்சம். அதாவது, உள்ளூர்க்காரர் ஒருவருக்கு நாலு பேர் வீதம் தனிமை தேடி வந்து இறங்கியிருக்கிறார்கள்.

திட்டத்தின் முதல் கண்ணி நேரம். தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும், அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மாலை ஐந்து மணிக்கு வந்து சேரும் விமானத்தில் சீட்டு போட்டவர்களுக்கு முதல் இரவு தலைநகர் மாலேயில். உலகின் மிக நெருக்கமான நகரங்களில் அதுவும் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் துணி காயப்போடுவது தெரியும். ஆகவே காலையில் வந்து இறங்குவதே முறை. இறங்கி ஏறப்போகும் ட்வின் ஓட்டர் என்ற சிறிய கடல் விமானத்தில் பதினைந்து பேர் வரை தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டும். விமானி வெறுங்காலோடு ஓட்டுவார், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அங்கே அதுதான் வழக்கம். எஞ்சின் சத்தத்தில் காதலை ஜாடையில்தான் சொல்ல முடியும். நடுவில் வேறு இரண்டு தீவுகளில் நின்று வேறு இரண்டு தம்பதிகளை இறக்கிவிட்டுப் போவதும் உண்டு, நம்மூர் டவுன் பஸ் போல. கடிகாரம் தனிக் கதை. மாலே நம்மைவிட அரைமணி பின்தங்கியது. பல விடுதிகள் விருந்தினருக்குக் கூடுதலாக ஒரு மணி வெளிச்சம் கிடைக்கட்டும் என்று மாலேயைவிட ஒரு மணி முன்னதாக முள்ளைத் திருப்பி வைத்திருக்கின்றன. அந்த நாட்டு அரசாங்கமே ஏற்காத ஒரு நேரத்தில் நாலு நாள் வாழ்ந்துவிட்டு, திரும்பும்போது மாலே நேரத்துக்கு விமானம் பிடிக்க வேண்டும்.

அடுத்தது விலை. அறை வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் நிற்கும். காதலர் கண்ணுக்கு அது நட்சத்திரம் போலத் தோன்றலாம், ஆனால் முதல் குறி 10 சதவீதச் சேவைக் கட்டணம், இரண்டாவது சுற்றுலா வரி. 2025 ஜூலையிலிருந்து அந்த வரி 17 சதவீதம், அதையும் சேவைக் கட்டணத்தைச் சேர்த்த பிறகுதான் போடுவார்கள். 100 டாலர் 110 ஆகி, 110 டாலர் 128 டாலர் 70 சென்ட் ஆகும். இதற்கு மேல் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர் பசுமை வரி. கடல் விமானத்துக்கு ஆளுக்குச் சில நூறு டாலர். சாப்பாடும் சேர்ந்த கட்டணமா என்று கேட்காமல் பணம் கட்டியவர்கள் பாடு இன்னும் மோசம். தீவில் வேறு கடை கிடையாது. தெருமுனை கிடையாது, தெருமுனையே இல்லாத ஊரில் டீக்கடைக்கு எங்கே போவது? அங்கே காய்ப்பது தேங்காய், பிடிபடுவது சூரை. முன்பெல்லாம் அந்தச் சூரை காய்ந்து மாசியாகி இலங்கைச் சம்பலுக்குள் போய் விழுந்தது. இன்று விடுதிக்கு வேண்டிய முட்டை, கோழி, திராட்சை, வெங்காயம் எல்லாம் கப்பலிலோ விமானத்திலோ வந்தாக வேண்டும். குளிக்கிற தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, விசிறி சுற்றுவது பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரால். இரண்டு பேர் நிம்மதியாகக் குளித்துவிட்டு உட்கார ஒரு சிறிய நகராட்சியே இயங்குகிறது. ஆகவே பல விடுதிகளில் விருந்தினரைவிடப் பணியாளர்கள் அதிகம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: அவர்கள் இருந்தால் என்ன, கண்ணில் படமாட்டார்களே, கண்ணில் படாதவரை தனிமைதானே? மறுப்பு வலுவானதுதான். ஆனால் கண்ணில் படாமல் இருப்பதற்கும் ஆள் வேண்டியிருக்கிறது. விடியுமுன் தோட்டக்காரர்கள் வந்து மணலைக் கூட்டுகிறார்கள். குப்பைக்காக மட்டுமல்ல, முந்தின நாள் நடந்தவர்களின் காலடிகள் மறைவதற்காகவும்தான். நீங்கள் எழுந்து வந்து, மனிதர் காலே படாத கரை என்று பூரித்துப்போய்ப் படம் எடுக்கும் இடத்தில் துடைப்பத்தின் கோடுகள் வரிவரியாக இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். நடுக்கடல் மணல்திட்டில் இருவருக்கு மட்டும் விருந்து என்பதையும் நெருங்கிப் பாருங்கள். மேசைக்கால் மணலில் புதையாமல் நிற்க இரண்டு பேர் குழி பறித்து நிறுத்த வேண்டும். காற்றுக்கு மெழுகுவர்த்தி அணையாமல் கண்ணாடிக் கூண்டு, ஐஸ்பெட்டி, குடை, அடுப்பு, சமையல்காரர், பரிமாறுகிறவர், படகோட்டி. எல்லாம் வைத்துவிட்டு நாற்பது தப்படி தள்ளி இருட்டில் கையில் டார்ச்சோடு ஒருவர் நிற்பார், எப்போது அடுத்த தட்டைக் கொண்டுவரலாம் என்று பார்த்தபடி. பார்க்கிறவர் இருக்கும்போது முத்தம் கொடுப்பதா என்று நம்மவர்கள் தயங்கினால் அடுத்த தட்டு முன்கூட்டியே வந்துவிடும். கடலடியிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. 2005-ல் ரங்காலி தீவில் ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒரு கண்ணாடி உணவுக்கூடத்தைத் திறந்தார்கள். பெயர் இதா, இருக்கைகள் 14. தட்டில் இருக்கும் மீனின் சொந்தபந்தங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று துக்கம் விசாரிக்கும். போகட்டும், காலடியில் கிடக்கும் அந்த வெள்ளை மணலாவது தானாக வந்ததா? பவளப்பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீன், வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்வழியே மணலாக விடுகிறது. வக்காரு என்ற தீவைச் சுற்றி நடத்தி 2015-ல் வெளியான ஆய்வின்படி, அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன்களின் கைங்கரியம். இருவர் கைகோத்து வெறுங்காலோடு நடப்பது எதன்மேல் என்பதை அந்த நேரத்தில் சொல்ல வேண்டாம், ஊருக்கு வந்தபிறகு சொல்லலாம்.

இத்தனை இடக்கு எதற்கு, மக்கள் வாழும் ஊர்த்தீவில் போய்த் தங்கலாமே என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். தங்கலாம். 2009-க்குப் பிறகு ஊர்த்தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி உண்டு, செலவு பல மடங்கு குறையும். மது கிடையாது, நீச்சலுடைக்கென்று ஒதுக்கிய கரையைத் தவிர மற்ற இடங்களில் உடம்பை மூடித்தான் நடக்க வேண்டும். தோணிக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கேரம் ஆடும் பெரியவர்கள் எல்லாரும் இருப்பார்கள். மனிதர்களோடு இருக்க விரும்பும் தம்பதிக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் மனிதர்களை விட்டு ஓடத்தானே பயணமே தொடங்கியது! காதலில் கணக்கு பார்க்கக்கூடாது என்று சொல்லும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. அவர்கள்தான் மறையும் சூரியன் பக்கத்துக் குடிலுக்கு உதிக்கும் சூரியன் பக்கத்தைவிடக் கூடுதலாகக் கட்டிவிட்டு, மழைமாதமான ஜூனில் போய், மேகத்துக்குப் பின்னால் சூரியன் எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். வானம் தெளிந்திருந்தாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் அந்தி சட்டென்று அணைந்துவிடும், கைப்பேசியில் கோணம் பார்த்து முடிப்பதற்குள் இருட்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை காய்ந்த காலம், விலை ஏறும். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்தக் கூட்டல் கழித்தலைச் சண்டை இல்லாமல் முடித்தார்களானால், அவர்களுக்குத் தீவு அவ்வளவாகத் தேவையில்லை என்பதும் என் சந்தேகம்.

போவது என்று முடிவானபின் கடைசியாக ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அறைக்குத் திரும்பினால் படுக்கைமேல் தென்னங்கீற்றைக் கிழித்து மடித்து ஓர் இதயம் செய்திருக்கும், நடுவில் செம்பருத்தி, ஓரத்தில் இலைகளால் கோத்த வாழ்த்து. செய்தவர் வங்கதேசத்துக்காரராகவோ இலங்கைக்காரராகவோ கேரளத்துக்காரராகவோ நம்மூர்க்காரராகவோ இருப்பார். தீவின் நடுவே, மரங்களின் மறைவில், விருந்தினர் வரைபடத்தில் இல்லாத ஒரு பகுதியில் அவர்கள் குடியிருப்பு. பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில், பார்ப்பது கைப்பேசித் திரையில். நீங்கள் ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து வாங்கிய தனிமை அவருக்குச் சம்பளத்தோடு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. தமிழ் பேசுகிறவராக இருந்தால் ஊர் எது என்று கேளுங்கள். பேச்சு வளர்ந்தால், டீ எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள். கூட்டல் குறி எதுவும் இல்லாமல், நன்றாகக் கொதித்து, இஞ்சி தட்டிப்போட்ட டீ அந்தத் தீவில் ஏதாவது ஓர் இடத்தில் போடுகிறார்கள் என்றால் அது அந்த மரங்களுக்குப் பின்னால்தான்.