பத்துப் பெட்டியும் மூன்று சீப்பு வாழைப்பழமும்

பி.எட். தேர்வில் ‘முறைமை அணுகுமுறை’க்குப் படம் போட்டு விடை எழுதியவன் நான். உள்ளீடு, செயல்முறை, வெளியீடு. கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பி வரும் அம்புக்குறி, பின்னூட்டம். அதை ஸ்கேல் வைத்து வரைந்தேன். பிறகு முப்பத்திரண்டு வருஷம் மணி அடித்தால் வகுப்புக்குப் போனேன், மணி அடித்தால் வந்தேன். அம்புக்குறி நினைவுக்கே வரவில்லை.

ஓய்வு பெற்று ரமணாசிரமத்துக்குப் பின்சந்தில் குடியேறிய எனக்கு, போன மே மாதம் அந்த அம்புக்குறி நினைவுக்கு வந்தது. சென்னைப் பேரன் லீவுக்கு வந்திருந்தான். ஏழாம் வகுப்புக்குப் போகிறவன். தசமக் கூட்டல் தகராறு என்று மகள் போனில் சொன்னாள்.

பரணிலிருந்து பழைய நோட்டை இறக்கினேன். வால்டர் டிக்கும் லூ கேரியும் 1978இல் புத்தகமாகப் போட்ட முறை: பத்துப் பெட்டி. அதில் எனக்குப் பிடித்த விஷயம், பாடம் எப்படி நடத்துவது என்று யோசிப்பதற்கு முன்பே பரீட்சைக் கேள்வியை எழுதிவிட வேண்டும். நான் ஆயுள் முழுக்கத் தலைகீழாகச் செய்திருக்கிறேன். பிராயச்சித்தமாக இருபது கேள்வி எழுதினேன். சார்ட் ஒட்டினேன். ‘நுழைவு நடத்தை’ என்ற பெட்டியை மட்டும், அதாவது பையன் எதைத் தெரிந்துகொண்டு வருகிறான் என்று பார்ப்பதை, நம்ம பேரன்தானே என்று தாண்டிவிட்டேன்.

மௌனத்தாலேயே உபதேசித்த ரமணர் வாழ்ந்த இடத்துக்குப் பக்கத்தில் காலை ஏழுக்கே என் தொண்டை கிழிந்தது. மயில்கள்கூடச் சற்று அடங்கின. துணைக்கருவி, வாழைப்பழம். பத்துத் துண்டாக நறுக்கித் தட்டில் அடுக்கி, “பத்தில் மூணு எது, காட்டு” என்று திரும்பினேன். பத்தில் பத்தும் மதில் மேல் குரங்கின் கையில் இருந்தது.

1.2உம் 1.2உம் எவ்வளவு? 2.4 என்றான். முறை பலிக்கிறது என்று காலரைத் தூக்கிக்கொண்டேன். 4.3உம் 0.4உம்? “5.1.” மூன்று நாள், மூன்று சீப்பு. 5.1 அசையவில்லை. பின்னூட்ட அம்புக்குறி தினமும் என் மேலேயே வந்து குத்தியது.

மூன்றாம் நாள் ராத்திரி ஐ.பி.எல். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அவன் சரியாத்தாங்க போடறான். நாலு ஓவர் மூணு பந்து, இன்னும் நாலு பந்து. அஞ்சு ஓவர் ஒரு பந்து.” பிறகு பையனிடம், “கண்ணா, கணக்குப் புத்தகத்துல மட்டும் ஓவருக்குப் பத்துப் பந்துடா.”

“அப்ப 4.7 பாட்டி.”

அவ்வளவுதான். இருபது கேள்வியையும் விளம்பர இடைவேளையிலேயே முடித்தான்.

நம் ஊர் அரசுப் பள்ளியில் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. பிள்ளை எந்த நிலை என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த பிறகுதான் பாடம் என்றார்கள். தொடக்கப் பள்ளி டீச்சர் செய்கிற வேலை எனக்கு எழுபதை நெருங்கும்போதும் கைவரவில்லை. இருந்தாலும் விட மனமில்லாமல் மனைவியிடம் சொன்னேன்: “நீ பண்ணினதுக்குப் பேர் நுழைவு நடத்தைப் பகுப்பாய்வு.”

“இருக்கட்டும். மூணு நாளா குரங்குக்குப் பழம் வாங்கிப் போட்டீங்களே, அது எந்தப் பெட்டி?”