முகத்துக்கும் ஒரு டி.சி.

பெங்களூர் பீன்யாவில் மெட்ரோ ஏறி நகரத்துப் பக்கம் போனால் மூன்றாவது ஸ்டேஷனின் பெயரே சாண்டல் சோப் ஃபேக்டரி. எதிர்ப்பக்கம் தும்கூர் சாலையில் நெலமங்கலா போகிற வழியில் மாகளி. வேப்பிலை ஃபேஸ்வாஷுக்குப் பேர்போன ஹிமாலயா கம்பெனி அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் சந்தனம், இந்தப் பக்கம் வேம்பு. நடுவில் லேத், மில்லிங், பிளேட்டிங், பவுடர் கோட்டிங், கூலன்ட் நாற்றம் என்று நாங்கள். ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று என்று பெருமை பேசும் இந்த ஏரியாவில் இரும்புக்கு நடக்கும் மேனி பராமரிப்பில் கால்வாசிகூட மனிதனுக்கு நடப்பதில்லை. ஒரு ஷாஃப்டை மைக்ரான் கணக்கில் மெருகேற்றி, துடைத்து, எண்ணெய் பூசி, உறை போட்டு அனுப்புகிறோம். அதைச் செய்த பையன் துணி சோப்பால் முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

எங்கள் பட்டறையில் இது மாறியதற்கு ஒரு கல்யாணம் காரணம். சி.என்.சி. ஓட்டும் தருமபுரிப் பையனுக்குத் தை மாதம் முகூர்த்தம். பெங்களூர் கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. மார்கழிக் காற்றில் குளிர் இருக்கும், ஈரம் இருக்காது. உதடு வெடிக்கும், கன்னத்தில் சாம்பல் பூக்கும். "ண்ணா, மூஞ்சிக்கு நேச்சுரலா ஏதாவது சொல்லுங்கண்ணா" என்று என்னிடம் வந்தான். நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கையில் மைக்ரோமீட்டர் வைத்திருப்பவனுக்குச் சகலமும் தெரியும் என்று பட்டறையில் ஒரு மூடநம்பிக்கை உண்டு.

சாப்பாட்டு நேரத்தில் மாநாடு கூடியது. ஸ்டோர்ஸ் பார்க்கும் ஆம்பூர்க்காரர் தேங்காய் எண்ணெய் என்றார். வெல்டர் எலுமிச்சம்பழச் சாறு என்றார். டீ கொண்டுவரும் அம்மா, "பாலாடை போடு கண்ணு, பவுனு மாதிரி ஆயிடுவே" என்றார். முதலாளி கன்னடக்காரர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மைசூர் சாண்டல் சாக்கப்பா" (போதுமப்பா) என்று ஒரே வரியில் முடித்தார். பையன் இவர்களில் யாரையும் நம்பாமல் ஏற்கெனவே ஒரு டப்பா வாங்கி வந்திருந்தான். முன்பக்கத்தில் கற்றாழை மடல், பாதாம், குங்குமப்பூ எல்லாம் படமாக இருந்தன. கீழே 'இயற்கையின் குணம் நிறைந்தது' என்று ஒரு வரி. குணம் என்று சொன்னால் கோர்ட்டில் யாரும் அளந்து காட்டச் சொல்ல முடியாது பாருங்கள்.

எங்கள் வாசலில் ஒரு இரும்புக் கம்பி இறங்கினால்கூட டி.சி. என்கிற டெஸ்ட் சர்டிஃபிகேட் கூடவே வரவேண்டும். கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு, சல்ஃபர் எவ்வளவு என்று அதில் இருக்கும். கம்பி முனையில் அடித்த பெயின்ட்டை மட்டும் நம்பி எவனும் மெஷினில் ஏற்றமாட்டான். முகக் கிரீமுக்கும் டி.சி. உண்டு. டப்பாவின் பின்பக்கம், எறும்புக்கே கண்ணாடி தேவைப்படும் எழுத்தில். டூல் முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வாசித்தேன். முதலில் தண்ணீர். அடுத்து லிக்விட் பாரஃபின், கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட். குங்குமப்பூவைக் காணோம். தேடினால், ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பெயரையும் தாண்டி, வாசனைக்குப் பக்கத்தில் வால்பகுதியில் உட்கார்ந்திருந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், நம் நாட்டின் 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி அதிகம் சேர்த்த பொருளிலிருந்து குறைவாகச் சேர்த்த பொருள்வரை இறங்குவரிசையில்தான் எழுதவேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் கடைசியில் இஷ்டப்படி அடுக்கலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. அதற்கு உச்சவரம்பே 1 சதவீதம். ஆகவே அந்தப் பெயருக்குப் பிறகு வருகிற எந்தப் பூவும் வேரும் 1 சதவீதத்தைத் தாண்டாது. குங்குமப்பூ அந்த டப்பாவுக்கு வந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

"அப்போ மீதியெல்லாம் கெமிக்கலாண்ணா?" என்று பையன் முகம் வாடியது. கெமிக்கல்தான். தண்ணீரும் கெமிக்கல்தான். அந்தக் கெமிக்கல் முகத்தில் என்ன வேலை செய்கிறது என்று அல்லவா கேட்கவேண்டும்?

தோலின் மேலடுக்கு வழியாக உடம்பின் ஈரம் ராத்திரி பகலாக ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் ஆகிய மூன்றும் செல்களின் இடுக்கை அடைத்து அந்தக் கசிவை மட்டுப்படுத்துகின்றன. குளிரும் சோப்பும் அந்தக் கொழுப்பை அரித்துவிட்டால் தோல் வறள்கிறது. மாய்ஸ்சரைசரில் இதற்கு மூன்று வகை ஆட்கள். கிளிசரின், ஹயலூரானிக் ஆசிட் போன்றவை தண்ணீரைப் பிடித்து வைப்பவை. ஹயலூரானிக் பெயரைக் கேட்டதும் பக்கத்து பிளேட்டிங் கடை ஆசிட் தொட்டியை நினைத்து வெல்டர் நடுங்கினார்; அது நம் உடம்பிலேயே ஊறுகிற சமாசாரம். இரண்டாவது வகை எண்ணெய்கள்; அவை சொரசொரப்பைச் சமன் செய்யும். மூன்றாவது வகை மேலே படலம் போட்டு ஈரத்தை வெளியே விடாமல் மூடுபவை: மெழுகு, டைமெத்திகோன், எல்லாவற்றுக்கும் மேலே பெட்ரோலியம் ஜெல்லி.

பெட்ரோலியம் ஜெல்லியை நான் தினமும் தொடுகிறேன். அளவு பார்க்கும் ஸ்லிப் கேஜ்களை வேலை முடிந்ததும் துடைத்து, அதைத் தடவித்தான் பெட்டியில் வைப்போம். அங்கே வெளி ஈரம் உள்ளே வராமல் தடுக்கிறது. முகத்தில் உள் ஈரம் வெளியே போகாமல் தடுக்கிறது. இதைக் கண்டுபிடித்த பெருமையும் பட்டறைக்காரனுக்கே. 1859-ல் அமெரிக்காவின் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போன ராபர்ட் செஸ்பிரோ என்ற இளம் ரசாயனக்காரர், கிணற்றுக் கம்பிகளில் அப்பிக்கொண்டு தொல்லை கொடுத்த மெழுகைத் தொழிலாளிகள் வெட்டுக்காயத்திலும் தீக்காயத்திலும் பூசிக்கொள்வதைப் பார்த்தார். அதைச் சுத்தம் செய்து 1872-ல் வாசலின் என்று காப்புரிமை வாங்கினார். தினம் ஒரு ஸ்பூன் தின்பார் என்றும் சொல்வார்கள். 96 வயது வரை இருந்தார். நீங்கள் தின்னவேண்டாம்.

முதலாளி சொன்ன சந்தனத்தின் கதையும் இதே ரகம்தான். முதல் உலகப் போரில் கப்பல் போக்குவரத்து முடங்கி, ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய சந்தனக் கட்டை மைசூர் சமஸ்தானத்தில் மலைமலையாகத் தேங்கியது. 1916-ல் அதை எண்ணெயாகக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். பிறகு சோப்பு வந்தது. டெட் ஸ்டாக்கைக் காசாக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கே இங்கே இருந்திருக்கிறார்கள் என்று முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் எந்த சோப்பானாலும் சோப்பு காரம். வறண்ட முகத்துக்கு மருந்து சோப்பு என்றால், துருவுக்கு மருந்து உப்புத் தண்ணீர்.

சரி, இயற்கை? சேராங்கொட்டையை விட இயற்கையான பொருள் உண்டா? மரத்தில் காய்க்கிறது, நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதன் பாலை வண்ணார்கள் துணியில் குறி போடப் பயன்படுத்தினார்கள். தோலில் பட்டால் கொப்புளம். செந்தட்டியும் இயற்கைதான், கள்ளிப்பாலும் இயற்கைதான். வெல்டர் சொன்ன எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறக்குறைய 2, தோலின் பி.எச். 5-க்குப் பக்கம். சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கருக்கும். தேங்காய் எண்ணெய் கைகாலுக்கு அருமை. பரு வருகிற முகத்தில் துவாரத்தை அடைக்கும். பாலாடையைக் காபியில் போட்டுக் குடிக்கலாம். இன்னொரு பக்கம், பெட்ரோலியமும் பூமிக்குள்ளிருந்துதானே வருகிறது? அதற்கு மட்டும் எவரும் இலை படம் போடுவதில்லை.

'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்று பெருமையடிக்கும் டப்பாவைக் கண்டால் எங்கள் ஆபரேட்டர்களே சிரித்துவிடுவார்கள். சனிக்கிழமை நிறுத்திய மெஷினைத் திங்கட்கிழமை காலையில் திறந்தால் கூலன்ட் அழுகிய முட்டை மாதிரி நாறும். தண்ணீரும் எண்ணெயும் கலந்த எதிலும் பாக்டீரியா குடியேறும், கிரீமிலும்தான். கூலன்ட்டில் போடும் கிருமிக்கொல்லிகளில் ஒன்றான மெத்தில்ஐசோதியாசோலினோன் முகக் கிரீம்களிலும் இருந்தது; ஏராளமானவர்களுக்கு அரிப்பும் தடிப்பும் வந்ததால் கழுவாமல் விடும் கிரீம்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அதைத் தடை செய்தது. எனவே பிரிசர்வேட்டிவ் வேண்டும், எது என்று பார்க்கவும் வேண்டும்.

பையனுக்கு உள்ளூர ஒரு ஆசை இருந்தது, மெதுவாகச் சொன்னான். "கொஞ்சம் கலராவும் ஆவணும்ணா." இந்த இடத்தில் மட்டும் நான் சிரிக்கவில்லை. கேரளத்தின் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் அரிய ரகம் என்று கண்ட 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். காரணம் பாதரசம். நம் விதிப்படி கண்ணைச் சுற்றிப் பூசுவது தவிர மற்ற அழகுசாதனங்களில், அறியாமல் கலந்தாலும்கூட, பாதரசம் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக்கூடாது. தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண் இல்லாத டப்பா இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதே என்றேன். டி.சி. இல்லாத கம்பியை நாங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம்.

கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் கிளிசரினும் டைமெத்திகோனும் மேல்வரிசையில் இருக்கிற, வாசனை சேர்க்காத ஒரு சாதாரணக் கிரீமை வாங்கினான். பட்டியலில் சீட்டைல் ஆல்கஹால் என்று பார்த்து, "சரக்காண்ணா?" என்று கேட்டான். அது கொழுப்பிலிருந்து எடுக்கும் மெழுகு, போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசனையே இல்லையேண்ணா, காசு குடுத்து வாங்கின மாதிரியே இல்ல" என்று குறைப்பட்டான்.

நீங்களும் வாங்குவதாக இருந்தால் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். முதல் ஐந்து பெயர்தான் நீங்கள் பூசப்போவது. முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பூசுங்கள். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு வாரம் பாருங்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால், எவ்வளவு நல்ல கிரீமானாலும் சரி, புதிதாக எதையும் தொடாதீர்கள்.