கவிழ்த்த டம்ளரின் ஈரம்

கேள்வி: கழுவுதொட்டியை ஒட்டி வடிமேடை, அதாவது நீர் தொட்டிக்குள் வழியும்படி சரிவாக அமைந்த பரப்பு, இல்லாத சமையலறையில் பாத்திரங்களை உலர்த்துவது எங்ஙனம்?

பதில்: பின்லாந்துக்காரர்களைக் கேட்டால் அண்ணாந்து பார்க்கச் சொல்வார்கள். அந்நாட்டில் வீட்டுவேலையின் பளுவை ஆராய்ந்த மையு கெப்ஹார்ட் என்னும் பெண்மணி 1944-45-இல் உருவாக்கிய உலர்த்து அலமாரி, தொட்டிக்கு நேர் மேலே சுவரில் பொருத்தப்படுவது. அடிப்பலகை இன்றிக் கம்பித் தட்டுகளே கொண்ட அதில் ஈரத் தட்டுகளைச் செருகிக் கதவைச் சாத்திவிட்டால் நீர் தானாகவே தொட்டியில் சொட்டிவிடுவதால், துடைக்கும் வேலையும் எடுத்து அடுக்கும் வேலையும் ஒருசேர ஒழிகின்றன. ஆனால் இட்லிக் கொப்பரை அதற்குள் அடங்காது; அதற்குக் கம்பிக்கூடையே கதி.

கூடையும் இன்றிக் கருங்கல் மேடைமீதே டம்ளரைக் கவிழ்த்தால், விளிம்பு கல்லோடு படிந்துகொள்ள, உள்ளே சிக்கிய காற்று இனி ஏற்க இயலாத அளவுக்கு ஈரம் நிறைந்து, அதாவது தெவிட்டுநிலை எய்தி, ஆவியாதல் நின்றுபோவதால், அது உலர்வதில்லை, தலைகீழாக நனைந்தே நிற்கிறது. விளிம்பின் ஒருபுறத்தைக் கரண்டிக்காம்பின்மேல் சாய்த்து வைத்தால் காற்று நுழையும். துண்டை விரித்து அதன்மேல் கவிழ்ப்போர், அத்துண்டை உலர்த்துவது எங்கே என்பதை அடுத்த இதழுக்குக் கேள்வியாக அனுப்பலாம்.