பேராண்டி போட்ட படம்

நீ நீட்டுன படத்தைப் பார்த்தேன் பேராண்டி. எதிர்கால இணையத்தோட அமைப்பாமே! பிரேம் போட்டு கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் ஹாலுல மாட்டிடலாம், அவ்வளவு லட்சணம். அம்பு பச்சை, பெட்டி நீலம், எல்லாமே புதுசு. இப்ப ஓடிட்டிருக்கிற இணையம் மட்டும் எங்கேயும் காணோம். அது செத்துப்போச்சா, இல்ல சொல்லாம ஊரைவிட்டு ஓடிருச்சா?

துவாக்குடி காலேஜுல உனக்கு நெட்வொர்க்கோட ஏழு அடுக்குப் பாடம் நடத்துறாங்கல்ல, ஓ.எஸ்.ஐ.னு? உலகத்துல உள்ள பெரிய மனுஷங்க எல்லாம் கூடி 1984-ல தரமா அறிவிச்சது அது. 1986-ல நம்ம அரசாங்கம் எர்நெட்னு கல்வி, ஆராய்ச்சிக்கான நெட்வொர்க் ஆரம்பிச்சப்ப, மெட்ராஸ் ஐ.ஐ.டி.யும் அதுல சேர்த்தி. யாரையும் பகைச்சுக்க வேணாம்னு ஓ.எஸ்.ஐ., இப்ப இணையம் ஓடுற டி.சி.பி./ஐ.பி. ரெண்டையும் ஓட்டுனாங்க. 1995 வாக்குல பார்த்தா போக்குவரத்து ஏறக்குறைய பூரா டி.சி.பி./ஐ.பி.யில. ஏழு அடுக்குக்குக் கிடைச்சது பரீட்சையில பத்து மார்க் கேள்வி. அதுவும் நல்ல கவுரவம்தான், போ.

ஏன் அப்படின்னு உங்க வாத்தியாரைக் கேளு. டி.சி.பி./ஐ.பி.க்கு அஸ்திவாரமா வின்ட் சர்ஃப், ராபர்ட் கான் ரெண்டு பேரும் 1974-ல எழுதினதோட சாரம் இதான்: அவனவன் நெட்வொர்க்குக்குள்ள எப்படி வேணா நடந்துக்கட்டும், சந்திக்கிற வாசல்ல மட்டும் ஒரே ஒழுங்கு. திருச்சி பெல் கம்பெனியில நாங்க குழாயோட குழாயைச் சேர்க்க பிளாஞ்ச் பூட்டுனதும் இதே கதைதான். குழாய் எந்த ஊர்ல செஞ்சதுன்னு பிட்டருக்குக் கவலை இல்ல. போல்ட் ஓட்டை சென்டர் லைன் மேல விழாம, அதுக்கு ரெண்டு பக்கமும் சமமா விலகி நிக்கணும். அது தப்பினா எட்டு போல்ட்டுல ஒண்ணுகூட உள்ள போகாது, எவ்வளவு உசத்தி இரும்பா இருந்தாலும்.

மகா புத்திசாலிங்களும் இந்தச் சந்திக்கிற வாசல்லதான் சறுக்குனாங்க. ஐ.பி. நாலாம் பதிப்புல முகவரி மொத்தமே 429 கோடி. பத்தாதுன்னு ஆறாம் பதிப்பு கொண்டாந்து, 1998-ல விதியெல்லாம் எழுதிட்டாங்க. முகவரிக்கு இனி பஞ்சமே இல்ல. ஆனா நாலும் ஆறும் நேருக்கு நேர் பேசிக்காது! ஒரே கம்பியில ரெண்டையும் ஓட்டணும், இல்ல நடுவுல மொழிபெயர்க்க ஒரு ஆளை நிறுத்தணும். 2016-ல ஜியோ வந்தப்புறம் நம்ம நாட்டு செல்போனுங்க ஆறுக்குத் தாவுச்சு. இருந்தும், நாலுலயே உக்காந்திருக்கிற சைட்டைத் திறந்தா அந்த மொழிபெயர்ப்பாளன் இல்லாம வேலை நடக்காது. இருபத்தஞ்சு வருஷம் தாண்டியாச்சு, நாலு இன்னும் பென்ஷன் வாங்கல.

உன் படத்துல ஒரு பெட்டியைத் தூக்கிட்டு, அங்கே உன் புது இணையம் நாலாம் பதிப்போட எப்படிக் கை கோக்கும்னு எழுது. எழுத வரலேன்னா புராஜெக்ட் தலைப்புல ‘எதிர்கால’ங்கிற வார்த்தையை அடிச்சிரு, வாத்தியார் மார்க் குறைச்சா எங்கிட்ட வா.